படகு எந்தக் கரையில் ஒதுங்கினாலும்: அகதிகள் பொறுப்பை அண்டை நாடுகள் எப்படிப் பகிர்வது?

வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் படிப்பகத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தையல் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, முப்பது நாற்காலி, ஒரு கரும்பலகை, மூலையில் தண்ணீர் கேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வியை எடுத்துப் பேசுவோம். அடுத்த மாதம் கை தூக்கி முடிவெடுப்போம். முடிவெடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறவர்கள் உண்டு. தொகுதி எம்.பி.க்கு ஒரு மனு போகும், அவ்வளவுதான். மனுவில் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றையும் படிக்க மாட்டார்கள்.

இந்த முறை கேள்வி கொஞ்சம் பெரியது. தஞ்சம் கேட்டு வருகிறவர்களின் பொறுப்பை இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், மியான்மர் என்று பக்கத்துப் பக்கத்து நாடுகள் பகிர்ந்துகொள்வதாக இருந்தால், எந்த முறையில்? உலகத்தில் ஏற்கெனவே நடந்து பார்த்த ஐந்து முறைகளைக் கரும்பலகையில் எழுதினோம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், உட்கார்ந்து படிக்க நேரமில்லை. அதனால் ஒப்பிட்டு எழுதிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் நடுநிலையாக எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கை எதற்கு உயரும் என்று இதைப் படித்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி எங்களுக்குத் தூரத்து விஷயமும் இல்லை. என் தாத்தா ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். 1962-இல் ராணுவத் தளபதி நெ வின் பர்மாவில் (இன்றைய மியான்மர்) ஆட்சியைப் பிடித்து, அப்புறம் கடை கண்ணிகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் அந்த நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். தமிழர்களில் கணிசமானவர்கள் வடசென்னையில் இறங்கி இங்கேயே தங்கிவிட்டார்கள். இன்றைக்கும் சாயங்காலம் இந்தப் பக்கம் நடந்தால், அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிக்காரர் மஞ்சள் நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, பூண்டு எண்ணெயும் புளித்தண்ணியும் ஊற்றி, மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கிப் போட்டு, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் வைப்பார். வந்தவர்களுக்கு அன்றைய அரசு கடன் கொடுத்தது, குடியிருப்பு கொடுத்தது, 1969-இல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் பர்மா பஜார் வந்தது. தாத்தாவை யாரும் அகதி என்று எழுதவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதினார்கள். அந்த ஒரு வார்த்தையால் அவர் பிள்ளைகளுக்கு ரேஷன் அட்டை, ஓட்டு, அரசு வேலை எல்லாம் தானாக வந்தது.

மூலக்கடை தாண்டி ஜி.என்.டி. சாலையில் அப்படியே வடக்கே போனால் புழல் காவாங்கரை. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இன்னும் மேலே போனால் கும்மிடிப்பூண்டி முகாம். எங்கள் படிப்பகத்துக்கு காவாங்கரையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். பிறந்தது இங்கே, படித்தது இங்கே, பி.காம் முடித்து மாதவரத்தில் ஒரு கிடங்கில் பில் போடுகிறாள். எங்களிடம் 'ஆமாண்ணா' என்பாள். போனில் அம்மா கூப்பிட்டால் அடுத்த நொடியே 'ஓம், ஓம், வாறன்'. அவளிடம் முகாமின் குடும்ப அட்டை இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் அதிகாரிகள் வந்து ஆள் சரிபார்ப்பார்கள். பணக்கொடையும் அதை ஒட்டித்தான். 2021-இல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. அந்த வருடம்தான் தமிழக அரசு 317.40 கோடி ரூபாயில் வீடு, கல்வி உதவி எல்லாம் அறிவித்து, 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. வீடுகள் நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. ஆனால் கல்விக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனபோது, அங்கே இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எங்க சிஸ்டத்துல கட்டமே இல்லம்மா" என்றாராம்.

என் தாத்தாவும் அவளுடைய தாத்தாவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவர்கள்தான். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் ஒரு தாள். இந்த ஐந்து முறைகளையும் நான் அந்தத் தாளை வைத்துத்தான் எடை போடப் போகிறேன். எத்தனை பேரை எந்த நாடு எடுத்தது என்பது இரண்டாவது கேள்வி. எடுத்த பிறகு அவர் கையில் என்ன இருந்தது, அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது முதல் கேள்வி.

முதலில் கரும்பலகையின் மேல் வரியில் இருப்பது: எந்த நாட்டில் முதலில் கால் வைத்தாரோ அந்த நாட்டின் பொறுப்பு. ஐரோப்பாவில் 1990-இல் டப்ளினில் கையெழுத்தான உடன்படிக்கை, 1997-இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு 2003, 2013 என்று இரண்டு முறை திருத்தி எழுதினார்கள். காகிதத்தில் குடும்பம் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நடைமுறையில் கைரேகை எங்கே பதிந்ததோ அங்கேதான். ஜெர்மனி நடுவில் இருக்கிறது, கிரீஸும் இத்தாலியும் கடலோரத்தில் இருக்கின்றன. யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாட்டால் தாங்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2011 ஜனவரியில் வந்த ஒரு தீர்ப்பு போதும். கிரீஸ் வழியாக பெல்ஜியத்துக்கு வந்த ஓர் ஆப்கானியரை, விதிப்படி கிரீஸுக்கே திருப்பி அனுப்பியது பெல்ஜியம். அங்கே அடைத்து வைத்தார்கள், வெளியே விட்ட பிறகு தெருவில் கிடந்தார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கிரீஸை மட்டும் குற்றம் சொல்லவில்லை. அங்கே நிலைமை எப்படி என்று தெரிந்தே அனுப்பிய பெல்ஜியமும் குற்றவாளி என்றது. இந்தத் தீர்ப்பை நான் முக்கியமாக நினைக்கிறேன். 'அது பக்கத்து நாட்டுப் பிரச்சினை' என்று கை கழுவ முடியாது, அனுப்பிய கைக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டமாகவே சொன்ன இடம் அது.

இதை நம்ம ஊருக்குக் கொண்டுவந்தால்? இலங்கையிலிருந்து வந்து தனுஷ்கோடி அரிச்சல்முனையில் இறங்குகிறவர்கள் காலத்துக்கும் இந்தியாவின் பொறுப்பு. மியான்மரிலிருந்து எல்லையில் உள்ள நாஃப் ஆற்றைத் தாண்டுகிற ரோஹிங்கியா முஸ்லிம்கள் காலத்துக்கும் வங்கதேசத்தின் பொறுப்பு. அதாவது இப்போது இருப்பதையே உடன்படிக்கை என்று பெயர் வைத்துக் கையெழுத்திடுவது. இதற்கு எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் ஆதரவு. 'குழப்பம் இல்லாத விதிண்ணா' என்கிறார்கள். குழப்பம் இல்லைதான்.

இரண்டாவது முறை, ஆட்களைப் பங்கு பிரிப்பது. கேட்கும்போது நியாயமாகத் தோன்றும்: மக்கள்தொகை, வருமானம் பார்த்து ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் எண்ணிக்கை. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் இத்தாலியிலும் கிரீஸிலும் குவிந்தவர்களில் 1,60,000 பேரை இப்படிப் பிரிக்க முடிவு செய்தது. கடைசியில் போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 35,000. ஹங்கேரி ஒருவரைக்கூட எடுக்கவில்லை. ஹங்கேரியும் ஸ்லோவாகியாவும் வழக்குப் போட்டுத் தோற்றன. ஹங்கேரி, போலந்து, செக் மூன்றும் சட்டத்தை மீறின என்று 2020-இல் தீர்ப்பு வந்தபோது திட்டமே முடிந்து போயிருந்தது.

ஆனால் பங்கு பிரிப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. நம்மை வைத்தே செய்திருக்கிறார்கள்.

1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக ஆக்கியது. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறையாக உழைத்தவர்கள் ஒரே சட்டத்தில் எந்த நாட்டுக்கும் சேராதவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இவர்களைப் பிரித்துக்கொள்ள டில்லியில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த அப்புறம் 1974-இல் வந்தது. ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய லட்டைப் பிரிக்கிற மாதிரி என்று எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

கணக்கு எங்கே இடித்தது என்றால், மக்கள் விண்ணப்பம் போட்டபோது. இலங்கையிலேயே இருக்கிறோம் என்று எழுதிக்கொடுத்தவர்கள், அந்த நாட்டுக்கு ஒதுக்கிய மூன்று லட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தியாவுக்குப் போகிறோம் என்றவர்கள் ஒதுக்கிய எண்ணிக்கையைத் தொடவே இல்லை. அவர்களுக்கு இந்தியா என்பது பாட்டி சொன்ன ஊர். ஆனாலும் எண்ணை நிரப்ப வேண்டுமே. தலைமன்னாரிலிருந்து கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் மற்ற இடங்களுக்கும் போனார்கள். கூடலூர், கோத்தகிரி பக்கம் அரசின் தேயிலைத் தோட்டங்கள் அவர்களை வைத்தே வளர்ந்தன.

இந்தக் கதையின் வால்தான் எனக்கு எப்போதும் வயிற்றைப் பிசையும். 1984-இல் கப்பல் நின்றது. இந்தியக் கணக்கில் எழுதப்பட்டும் வராமல் அங்கேயே இருந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் 1983-க்குப் பிந்தைய வன்முறையில் தப்பித்துப் படகில் இந்தியா வந்தார்கள். வந்த இடத்தில் அவர்கள் அகதிகள். சட்டத்தின் பார்வையில் முறையான ஆவணம் இல்லாமல் நுழைந்தவர்கள். அதாவது ஒப்பந்தப்படி இந்தியாவின் பங்கில் இருந்த ஆட்களே இந்தியாவின் முகாமில் அந்நியராக உட்கார்ந்திருக்கிறார்கள். 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த இப்படிப்பட்ட முகாம்வாசிகளின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அங்கேயே தங்கிவிட்ட வம்சாவளியினருக்கு இலங்கை 2003-இல் ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்துக் கணக்கை முடித்தது. நம்ம பக்கம் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது.

அதனால் பங்கு பிரிக்கும் முறைக்கு ஓட்டுப் போட நினைக்கிறவர்கள் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: எண்ணிக்கையை யார் நிரப்புவது என்ற கேள்வி வந்ததும், ஆளிடம் விருப்பம் கேட்கும் வழக்கம் நின்றுவிடும்.

மூன்றாவது, பணம். ஆளை எடுக்க முடியாதவர்கள் காசு கொடுக்கட்டும். 2024 மே மாதம் ஐரோப்பா ஏற்றுக்கொண்ட புதிய சட்டத் தொகுப்பு இதை வெளிப்படையாகவே விலை போட்டு எழுதியிருக்கிறது. நெருக்கடியில் இருக்கும் நாட்டிலிருந்து ஆளை ஏற்கலாம். இல்லையென்றால் ஓர் ஆளுக்கு 20,000 யூரோ. அதுவும் இல்லையென்றால் ஆட்களையோ கருவிகளையோ அனுப்பி உதவலாம். இதற்கு முன்னால் 2016-இல் துருக்கியோடு செய்துகொண்ட ஏற்பாடு 600 கோடி யூரோ. துருக்கியில் அப்போது முப்பது லட்சம் சிரியர்கள் போல இருந்தார்கள்.

பணத்தை நான் கேவலமாகப் பேச மாட்டேன். 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தபோது, ஆன செலவில் ஒரு பகுதிதான் வெளியிலிருந்து வந்தது; மீதியை நாமே சுமந்தோம். காசு நியாயமாக வந்திருந்தால் எத்தனையோ நடந்திருக்கும். ஆனால் பணம் மட்டும் போதும் என்றால் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களைப் பாருங்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வந்து, முன்பே இருந்தவர்களோடு சேர்ந்து பத்து லட்சத்தை ஒட்டி ஆனார்கள். சட்டப்படி வேலை செய்ய அனுமதி இல்லை, எல்லாம் வெளிநாட்டு உதவியில் ஓடுகிறது. 2023-இல் உதவி குறைந்ததும், ஓர் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுத் தொகை மார்ச்சில் 10 ஆனது, ஜூனில் 8 ஆனது. 8 டாலர் என்றால் நாளைக்கு இருபது ரூபாய் சொச்சம். சம்பாதிக்க விடாமல் சோறு மட்டும் போடுகிற ஏற்பாட்டில், போடுகிற கைக்குச் சலிப்பு வரும் நாளில் தட்டு காலியாகும்.

நான்காவது முறைக்கு என்னால் சுருக்கமாகப் பெயர் வைக்க முடியவில்லை. 'முதலில் அட்டை, பிறகு மற்றது' என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறோம். யூகோஸ்லாவியப் போர்களுக்குப் பிறகு, 2001-இல் ஐரோப்பா ஒரு தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் செய்து வைத்து, இருபது வருடம் தொடவே இல்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மார்ச் 4-இல் அந்தச் சட்டத்தை எடுத்துத் தூசி தட்டினார்கள். தனித்தனி விசாரணை கிடையாது. உக்ரைனிலிருந்து வந்தேன் என்று காட்டினால் தங்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம். எந்த நாட்டில் பதிவு செய்வது என்பதை அவரே தீர்மானிக்கலாம். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் பதிந்தார்கள். 2015 பங்கீட்டில் ஒருவரையும் எடுக்காத அதே போலந்து, இந்த முறை பத்து லட்சத்தை நெருங்கியது. யாரும் பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. அக்கா இருக்கும் ஊருக்கும், வேலை இருக்கும் ஊருக்கும், மொழி கொஞ்சம் புரியும் ஊருக்கும் மக்கள் தாங்களாகவே போனார்கள்.

வெள்ளைக்காரர்களுக்குள் நடந்தது, அதனால் நடந்தது என்று எங்கள் கூட்டத்தில் ஒரு தம்பி சொன்னான். அதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். சிரியாவிலிருந்து வந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தை எடுக்க யாருக்கும் கை வரவில்லை. ஆனால் பணக்கார நாடுகளால் மட்டும்தான் முடியும் என்பது சரியில்லை. கொலம்பியா 2021-இல், வெனிசுலாவிலிருந்து வந்த பதினேழு லட்சம் பேர் போலக் கணக்கிட்டு, பத்து வருட அனுமதி அறிவித்தது. வேலை செய்யலாம், பிறகு நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். உகாண்டாவில் பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள். அங்கே சட்டப்படி வேலை செய்யலாம், குடியேற்றப் பகுதிகளில் பயிர் வைக்கத் துண்டு நிலமும் கொடுக்கிறார்கள். நிலம் வர வர சின்னதாகிக்கொண்டு போகிறது என்பது வேறு விஷயம்.

இந்த முறையின் நிஜமான ஓட்டை 'தற்காலிகம்' என்ற சொல். ஐரோப்பாவே நீட்டி நீட்டி 2027 மார்ச் வரை வந்துவிட்டது. நமக்கோ இந்தச் சொல்லில் நாற்பது வருட அனுபவம். 1983-இல் வந்தவர்களுக்கும் தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது; முஸ்லிம்களையும் விட்டுவிட்டது, இலங்கையையும் விட்டுவிட்டது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் புதிய குடியேற்றச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். ஜெயிலில் போட மாட்டோம் என்கிறது அந்த விலக்கு. இங்கே நீ யார் என்று சொல்லவில்லை. ஆக, அட்டை என்றால் அதில் ஒரு முடிவுத் தேதி வேண்டும். இத்தனை வருடம் கழித்துத் திரும்பவும் முடியாவிட்டால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற வரியும் வேண்டும்.

ஐந்தாவது: பக்கத்து நாடு கரையேற்றட்டும், தூரத்து நாடு குடியேற்றட்டும். வியட்நாம் போருக்குப் பிறகு படகு படகாக மக்கள் வந்தபோது மலேசியா, தாய்லாந்து எல்லாம் படகுகளைத் திருப்பித் தள்ளின. 1979-இல் ஜெனீவாவில் ஓர் ஏற்பாடு. பிறகு 1989-இல் இன்னும் விரிவான திட்டம். கரையோர நாடு படகைத் தள்ளாது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் போன்றவை அவர்களை ஏற்கும். அகதி அல்ல என்று முடிவானவர்கள் திரும்ப வேண்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புது நாடுகளில் வாழ்க்கை தொடங்கினார்கள். திருப்பி அனுப்பியதில் எல்லாமே விருப்பத்தோடு நடக்கவில்லை என்ற கசப்பும் உண்டு. ஆனாலும் படகுகளைத் தள்ளுவது நின்றதே, அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 2015 மே மாதம் அதே கடல் காட்டியது. ரோஹிங்கியாக்களும் வங்கதேசத்தவரும் நிறைந்த படகுகளைத் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டன. கடைசியில் இழுத்துக் கரையேற்றியவர்கள் ஆச்சே மாகாணத்து மீனவர்கள். அதற்குப் பிறகுதான் மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒரு வருடத்துக்கு இடம் கொடுப்பதாக இறங்கி வந்தன. காசிமேட்டு மீனவர்களிடம் இதைப் பேசினால் யாருக்கும் விளக்க வேண்டாம். நடுக்கடலில் எஞ்சின் நின்ற படகைப் பார்த்தால் கொடி பார்க்க மாட்டார்கள், கயிறுதான் வீசுவார்கள். 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களுடன் ஒரு படகு முல்லைத்தீவுக் கரையில் ஒதுங்கியது. அதையும் முதலில் பார்த்து உதவிக்கு ஓடியவர்கள் மீனவர்கள்தான். காவாங்கரைப் பெண் அந்தச் செய்தியைப் போனில் காட்டினாள். "எங்க அம்மா ஊர்க்கரைண்ணா இது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த முறைக்கு நம்ம பக்கத்து உதாரணமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பூட்டான் தன் நேபாளி மொழி பேசும் மக்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் துரத்தியது. பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் நடுவில் இருப்பது இந்தியா. அவர்கள் இந்திய மண்ணைக் கடந்துதான் நேபாளத்தின் ஜாபா, மொரங் முகாம்களுக்குப் போனார்கள். இந்தியா அதை அந்த இரண்டு நாட்டு விவகாரம் என்று ஒதுங்கிக்கொண்டது. பதினைந்து வருடம் மூங்கில் குடிசை. 2007-இலிருந்து 1,13,000-க்கும் மேற்பட்டவர்களை எட்டு நாடுகள் எடுத்துக்கொண்டன, பெரும்பாலும் அமெரிக்கா. வெற்றிக் கதை என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். 2025-இல் அமெரிக்கா அவர்களில் சிலரை நாடு கடத்திப் பூட்டானுக்கே அனுப்பியது. பூட்டான் மறுபடியும் வெளியே தள்ள, பழைய முகாம் பக்கமே வந்து நின்றார்கள். தூரத்து நாட்டின் மனசை நம்பிக் கட்டுகிற வீட்டுக்கு அஸ்திவாரம் அவ்வளவுதான். தவிர, இப்போது அந்தக் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன.

சரி, இதெல்லாம் நடக்கிற காரியமா? இந்தியா ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. இலங்கை, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான், பூட்டான், மாலத்தீவு எதுவும் சேரவில்லை. தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கில் ஆப்கானிஸ்தான் மட்டும் 2005-இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. மக்கள் தப்பித்து ஓடிவருகிற நாடு அது! சார்க் சாசனமே இருதரப்புத் தகராறுகளைப் பேசக் கூடாது என்கிறது. உச்சி மாநாடு 2014 காத்மாண்டுவோடு நின்றுவிட்டது. வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பில் இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மியான்மர், தாய்லாந்து ஏழும் இருக்கின்றன. வங்காள விரிகுடாவைச் சுற்றிப் படகு எங்கிருந்து கிளம்பி எங்கே ஒதுங்குகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை நாடும் அதில் உண்டு. பேசுவதாக இருந்தால் அந்த மேஜைதான் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

அதோடு, கையெழுத்துப் போடாததால் நமக்குக் கடமையே இல்லை என்பதும் சரியில்லை. 1996-இல், இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்து அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா மக்களின் வழக்கில், உயிர் வாழும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு, அரசு காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நீதிமன்றத்திலிருந்து 2025-இல் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் 'இந்தியா தர்மசத்திரம் அல்ல' என்ற வார்த்தையும் வந்தது. எந்த நீதிபதி, எந்த நாள் என்பதைப் பொறுத்து ஒரு மனிதரின் கதி மாறக் கூடாது என்றால் எழுதிய சட்டம் வேண்டும்.

என் கை நான்காவதுக்கு உயரும். முதல் முறையை அப்படியே விட்டுவிடலாம். இரண்டாவது நம் ரத்தத்தில் எழுதி வைத்திருக்கிற பாடம். ஐந்தாவது கிடைத்தால் நல்லது, கேட்டு வாங்குகிற இடத்தில் நாம் இல்லை. மூன்றாவதை மட்டும் நான்காவதோடு கட்ட வேண்டும்: அட்டை வந்தால் ஆட்கள் பெரிய நாடான இந்தியாவுக்குத்தான் அதிகம் வருவார்கள், அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில், வராத நாடுகள் செலவில் பங்கு போடுவது. ஆளை நகர்த்தக் கூடாது, காசை நகர்த்தலாம். எங்கள் விதிப்படி ஒரே கோரிக்கை என்பதால் மனுவின் வரி இப்படி இருக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்: பதிவு செய்த ஒவ்வொருவருக்கும், இந்த நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாகும், வேலை செய்யவும் படிக்கவும் பயணம் போகவும் உதவும் அடையாள அட்டை. நீளமாக இருக்கிறது என்று தையல் கடைக்காரர் சொல்லிவிட்டார். சுருக்கத் தெரிந்தவர்கள் சுருக்கிக்கொண்டு வாருங்கள்.

வாக்கெடுப்பு இரண்டாவது ஞாயிறு என்று பலகையில் எழுதியிருந்தோம். அதை அழித்து மூன்றாவது ஞாயிறு என்று மாற்றியிருக்கிறோம். இரண்டாவது ஞாயிறு காவாங்கரையில் ஆள் சரிபார்ப்பு வருமாம்; அவள் வீட்டில் இருந்தே ஆக வேண்டும்.